ஒன்றரைக் கூவல்

“கிம்ச்சி இல்லாம ஒரு விடுதியா மேடம்? நாளைக்குத் தண்ணி இல்லாத கிணறுன்னு ஒண்ணைக் காட்டுவாங்க. அதையும் எட்டிப் பாத்துட்டு வரணும்.”

மலையேறியபடியே இதைச் சொல்லி முடிப்பதற்குள் தோங்ஜு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டான். முன்னால் போய்க்கொண்டிருந்த யோன்சுக் திரும்பிப் பார்க்கவில்லை.

“கேஸைப் பத்திப் பேசு.”

“வயித்தை விட்டுட்டு எப்படிப் பேசுறது? நூடுல்ஸ் குடுத்தான், சரி. தொட்டுக்க முட்டைக்கோஸ் கிம்ச்சி எங்கேன்னா தீந்துபோச்சுங்கறான். சமையல்கட்டுல கிம்ச்சி ஃபிரிட்ஜ் ஒண்ணு, என் டாக்ஸி சைஸுக்கு, உர்ருன்னு ஓடிக்கிட்டிருக்கு. உள்ள என்ன, காத்தையா ஊறப் போட்டிருக்கான்?”

யோன்சுக் ஒரு கணம் நின்றாள். பிறகு மறுபடி நடந்தாள். அவள் அப்படி நின்று நடந்தால் எதையோ எடுத்து மடியில் முடிந்துகொண்டாள் என்று அர்த்தம். என்ன முடிந்தாள் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அது தோங்ஜுவுக்குப் பழகிப்போன எரிச்சல்.

வோன்ஜு நகரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதற்கு முன்னால் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவள். தானே தீ வைத்துக்கொண்டு ‘ஐயோ, என் கடை’ என்று அழுதவர்களை நிறையப் பார்த்ததில், யார் அழுதாலும் முதலில் கைகளைப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. தோங்ஜு நாற்பது தாண்டிய டாக்ஸிக்காரன். ஒரு நாள் அவள் அவனுடைய வண்டியில் ஏறினாள். வழி நெடுக அவன் பேசியதில் முக்கால்வாசி உளறல், கால்வாசி துப்பு. அந்தக் கால்வாசிக்காக இன்றுவரை மிச்சத்தையும் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

சரிவின் மேல் முனையில், ஒரு கிழட்டு ஓக் மரத்தடியில் அவர்களுக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள்.

முதல் ஆள் போங்நாம். அறுபது வயது விதவை. இந்தக் காட்டுச் சரிவு முழுக்க அவளுடையது. மரங்களை வெட்டாமல், நிழலைக் கலைக்காமல், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் ஜின்செங் என்கிற விலையுயர்ந்த மருந்து வேரின் விதையைத் தூவிவிட்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்து எடுக்கிற விவசாயம். உரம் போடக்கூடாது, களை பிடுங்கக்கூடாது, அவசரப்படவே கூடாது. அவளும் செத்துப்போன புருஷனும் இங்கே வந்த புதிதில் தூவிய முதல் விதை இந்த ஓக் மரத்தடியில் முளைத்தது. அதற்கு ‘மூத்தவள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. அந்த மூத்தவள்தான் மூன்று நாளாக இல்லை. மரத்தடியில் ஒரு குழி மட்டும் இருந்தது.

இரண்டாவது ஆள் ஹேசோங். நகரத்தில் கணினி வேலையை உதறிவிட்டு வந்து, போங்நாமிடம் சரிவின் கீழ்ப் பகுதியைக் குத்தகைக்கு வாங்கி, ஐந்து வருஷமாக விதை தூவி வருகிறவன். மூத்தவளின் குழிக்குப் பக்கத்தில் கிடந்தது அவனுடைய மண்வெட்டி. “பொழுது சாயுறதுக்குள்ள கிளம்பிடு” என்று போங்நாம் சொல்லிவிட்டாள். அவன் எங்கே கிளம்புவது? விரல் தண்டி வேர்களைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டா போக முடியும்? ஐந்து வருஷமும் மண்ணுக்குள் இருக்க, ஆள் மட்டும் போக வேண்டும். யோன்சுக்குக்குப் போன் பண்ணியது அவன்தான்.

“நான் எடுக்கல மேடம்” என்றான். அழுது முடித்த குரல்.

“எடுத்தவனும் இதைத்தான் சொல்வான்” என்றாள் போங்நாம், மரத்தைப் பார்த்தபடி.

யோன்சுக் குழிக்கருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விளிம்பைத் தடவினாள்.

“அம்மா, மண்வெட்டியால வெட்டின குழிக்கு ஓரம் எப்படி இருக்கும்?”

“வெட்டுப் பட்டிருக்கும்.”

“இங்க இருக்கா?”

போங்நாம் முதல் தடவையாகக் குழியைச் சரியாகப் பார்த்தாள். ஓரம் முழுக்க விரல் தடங்கள். சுற்றியிருந்த புல்வேர்கள்கூட அறுபடாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஜின்செங் வேரின் மயிரிழை ஒன்றுகூட உள்ளே அறுந்து கிடக்கவில்லை.

“தூங்குற குழந்தையைத் தொட்டில்லேர்ந்து தூக்குற மாதிரி தூக்கியிருக்கான்” என்றான் தோங்ஜு. “அப்போ மண்வெட்டி?”

“சும்மா அழகுக்கு வெச்சது” என்றாள் யோன்சுக். “தம்பி, உன்னால இப்படி எடுக்க முடியுமா?”

ஹேசோங் தலை குனிந்தான். “போன வருஷம் ரெண்டு எடுத்தேன். ரெண்டும் உடைஞ்சுது.”

“அதுக்கு நான்தான் திட்டினேன்” என்றாள் போங்நாம். குரலில் கடுமை கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனாலும் விடவில்லை. “கத்துக்கிட்டிருப்பான். கீழ விடுதிக்காரர் கண்ணால பாத்திருக்கார். விடியக்காலையில இவன் மண்வெட்டியோட மேல போனானாம். கூலிக்காரனும் இல்ல, சொந்தக்காரனும் இல்ல, மகன் மாதிரி நெனைச்சேன். அதான் வலிக்குது.”

யோன்சுக் எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

---

ஊரில் உண்மையான மலைக்காரர்கள் மூன்றே பேர். காட்டில் தானாக முளைத்த ஜின்செங்கைத் தேடிப் போய் எடுக்கிற பழைய ஆட்கள். மூன்று பேருக்கும் தலைவர் சில்போக். அவர் வீட்டு முற்றத்தில் மூவரும் வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோங்ஜு கேட்காமலே ஒன்றை எடுத்துக்கொண்டான்.

“குழியைப் பாத்தா உங்க மூணு பேர்ல ஒருத்தர் கைவேலை மாதிரி இருக்கு பெரியவரே” என்றாள் யோன்சுக் சுற்றி வளைக்காமல்.

சில்போக் கோபப்படவில்லை. “குழியை நானும் பாத்தேன். நல்ல கை. எனக்கே பொறாமையா இருந்துச்சு. ஆனா நாங்க அன்னிக்குக் காலையில இந்த இடத்தை விட்டு அசையவே முடியலம்மா.”

“ஏன், மூணு பேருக்கும் ஒரே நேரத்துல முட்டி பிடிச்சுக்கிச்சா?” என்றான் தோங்ஜு.

“கூவல் கேட்டுச்சே!”

ஜின்செங்கை ‘சிம்’ என்பார்கள் மலைக்காரர்கள். கண்டவன் ‘சிம்ப்வாத்தா!’ என்று மூன்று தடவை மலை அதிரக் கூவ வேண்டும். சிம்மைப் பார்த்துவிட்டேன் என்று மலைத்தேவருக்கு நன்றி சொல்வது அது. அன்று விடிந்ததும் அந்தக் கூவல் கேட்டதாம்.

“எங்கேருந்து?”

“இந்தப் பள்ளத்தாக்குல எது எங்கேருந்து வருதுன்னு யாரு கண்டா? நாலு மலையும் திருப்பிச் சொல்லும். குரலும் அடையாளம் தெரியாது. கூவல் கேட்டா மலைக்காரன் இருந்த இடத்துலயே உட்காரணும். கண்டவன் தோண்டி முடிச்சு ‘எழுந்திரு’ன்னு சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. நாங்கதான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தோமே. அதனால கையில இருந்த உருளைக்கிழங்கைக் கீழ வெச்சோம்.”

“பெரிய தியாகம்” என்றான் தோங்ஜு.

“அதுலதாம்பா சிக்கல். ஒரு கூவல் முழுசா வந்துச்சு. ரெண்டாவது பாதியில நின்னுபோச்சு. மூணாவது வரவே இல்ல. நிக்கிறதா, உட்கார்றதா? ஒன்றரைக் கூவலுக்கு மலையில சட்டம் கிடையாது.”

“என்ன பண்ணீங்க?”

சில்போக் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் உருளைக்கிழங்கைப் பார்த்தார்கள்.

“மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்” என்றார் சில்போக். “என் பொண்டாட்டி வெளக்குமாத்தோட வந்து எழுப்பினா. கூவினவன் பள்ளத்துல விழுந்துட்டானோன்னு அப்புறம் மேல் மலை பூராத் தேடினோம். யாரும் இல்ல.”

யோன்சுக் சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம். தோங்ஜு உருளைக்கிழங்கை விழுங்காமல் பார்த்தான்.

“இந்த ஊர்ல யாராவது சிம் கண்டுட்டு, ஊரைக் கூப்பிட்டு மக்கொல்லிக் கள்ளு ஊத்தாம இருந்ததுண்டா பெரியவரே?”

“செத்தவன்கூட இருந்ததில்ல.”

“மூணு நாளாச்சு. யாராவது உங்களுக்கு ஊத்தினாங்களா?”

கிழவர் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. “இல்லையே.”

திரும்பி வரும் வழியில் தோங்ஜு பந்தயம் கட்டினான். “கிழவர்தான் மேடம். மூணு பேரும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்றாங்க. தோத்தா கோதுமை நூடுல்ஸ் என் செலவு.”

“திருடன் ஏன் கூவினான்?”

“அதான் எனக்கும் புரியல.”

“கூவணும்னு அவன் நெனைக்கல. இலையை விலக்கினான். அவ்வளவு வயசான வேரைப் பாத்தான். வாய் தானா திறந்துடுச்சு. ரெண்டாவது கூவல்ல பாதியில ஞாபகம் வந்துச்சு, ‘அடடா, நாம திருட வந்திருக்கோம்’னு.”

தோங்ஜு நடுவழியில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் ஒன்றரைத் தடவை கெட்டிருக்கிறது.

“அப்போ ஹேசோங் இல்லேங்கறீங்க.”

“சும்மா கூவ நாட்டுல எல்லாருக்கும் தெரியும். தள்ளுபடியில சட்டை கிடைச்சாக்கூட நீ கூவுறே. தன்னை மறந்து கூவுறவன் வேற. அவன் மலையிலேயே வளந்தவன். இந்த ஊர்ல மூணு மலைக்காரங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. நாலாவது ஒருத்தன் சொல்லாம இருக்கான்.” அவள் மேற்கே பார்த்தாள். சூரியன் மலை முகட்டுக்கு வெகு அருகில் வந்திருந்தது. “எல்லாரையும் சரிவுக்குக் கூட்டிட்டு வா. விடுதிக்காரரையும். நான் தலையைச் சொறிஞ்சா நீ கடைசியில நின்னு கூவு. உன் டாக்ஸித் தொண்டைக்கு இன்னிக்குத்தான் வேலை.”

“நான் கூவினா திருடன் ஓடிட மாட்டானா?”

“மாட்டான்” என்றாள் யோன்சுக்.

---

விடுதிக்காரர் கியோங்மானை மேலே கொண்டுவருவது பெரும்பாடாக இருந்தது. ஆள் நல்ல சிரித்த முகம். ஆனால் முட்டி பூசான் நகரத்துத் துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்ந்துவிட்டதாம். மூன்று வருஷமாக ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் தரையில் உட்காராமல் நாற்காலி கேட்கிறவர். துக்க வீட்டில்கூட அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

“வாசல்ல அந்தப் பாறைக்கு யாரு சார் மொட்டை போட்டது?” என்றான் தோங்ஜு, அவருக்குக் கை கொடுத்தபடி. விடுதி முகப்பில் அழகுக்கு வைத்திருந்த பெரிய பாறையில் பச்சைப் பாசி ஒரு பக்கம் மட்டும் வழித்தெடுக்கப்பட்டு வெள்ளையாக இருந்தது.

“சுத்தம் பண்ணேன். பாதியில முட்டி வலிச்சுது, விட்டுட்டேன்.” கியோங்மான் கம்பை ஊன்றினார். “நான் எதுக்கு மேல? எனக்கு ஜின்செங் இலைக்கும் முள்ளங்கி இலைக்கும் வித்தியாசம் தெரியாது.”

“ஹேசோங்கைப் பாத்த இடத்தை நீங்கதானே காட்டணும்? முன்னால போங்க, நாங்க பின்னாலயே வர்றோம்” என்றாள் யோன்சுக் மிக மரியாதையாக.

ஒற்றையடிப் பாதை. கியோங்மான் முன்னால் நொண்டினார். அவருக்குப் பின்னால் யோன்சுக், போங்நாம், ஹேசோங், மூன்று கிழவர்கள். கடைசியில் தோங்ஜு. ஹேசோங்கின் பெட்டிகள் கீழே வண்டியில் ஏறிவிட்டிருந்தன. போங்நாம் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

யோன்சுக் தலையைச் சொறிந்தாள்.

தோங்ஜு நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஊருக்கே டாக்ஸி கூப்பிடுகிற மாதிரி கூவினான்.

“சிம்ப்வாத்தாஆ!”

நாலு மலையும் அதை வாங்கித் திருப்பிச் சொல்லின. இரண்டாவது, மூன்றாவது கூவலும் கொடுத்தான். திருடனைவிட ஒன்றரை அதிகம். கூவிவிட்டுப் பார்த்தவனுக்கு வாய் மூடவில்லை.

கிழவர்கள் மூவரும் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மலைக்காரப் புருஷனோடு வாழ்ந்தவள் போங்நாம், அவளும் உட்கார்ந்துவிட்டாள். ஹேசோங் மட்டும் திருதிருவென விழித்தபடி நின்றான்.

“என்ன ஆச்சு? எல்லாருக்கும் மயக்கமா? தண்ணி கொண்டுவரட்டுமா?”

“வேண்டாம் தம்பி, நீ நின்னதே போதும்” என்றாள் யோன்சுக். “நகரத்துக்காரங்க நிக்கிறோம். நான், என் டிரைவர், நீ. இன்னொருத்தரும் நிக்கணுமே. அவரு எங்கே?”

எல்லோரும் முன்னால் பார்த்தார்கள். பாதையின் தலைமாட்டில், ஈரமண்ணில் சம்மணம் போட்டு, கம்பைக் குறுக்கே மடியில் வைத்து, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார் கியோங்மான். மூன்று வருஷமாக நாற்காலி கேட்ட முட்டி அழகாக மடிந்திருந்தது.

“எல்லாரும் உட்கார்ந்தாங்களேன்னு நானும்...”

“முதுகுல கண்ணு வெச்சிருக்கீங்களா சார்?” என்றான் தோங்ஜு. “நீங்கதானே முன்னால போனீங்க? உங்களுக்கு முன்னால மரம்தான் இருக்கு. மரம் உட்காரல.”

“பயந்துட்டேன். கால் மடங்கிடுச்சு.”

“பயந்தவன் விழுவான்” என்றார் சில்போக். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. “நீ உட்கார்ந்திருக்கே. கம்பை மடியில வெச்சிருக்கே. எந்த மலை?”

ஒரு மலைக்காரன் இன்னொரு மலைக்காரனைக் கேட்கிற கேள்வி அது. அதற்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது.

“ஜிரி மலை” என்றார் கியோங்மான், நிமிராமலே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து கண்ணை மூடிக்கொண்டார்.



“ஹேசோங் போயிட்டா கீழ்ச் சரிவு எனக்குக் கிடைக்கும்னு நெனைச்சேன்” என்றார் கண்ணைத் திறக்காமலே. “விடுதிக்குப் பக்கத்துல அஞ்சாறு குடில் போடலாம்னு. எதையாவது தோண்டிட்டு அவன் மண்வெட்டியை வெச்சுட்டு வந்தா போதும்னுதான் வந்தேன். இருபது வருஷமா மலையேறாத ஆளு நான். இலையை விலக்கி, மண்ணைத் தள்ளினா... அந்த வேரோட கழுத்து நீளம் இருக்கே, வருஷத்துக்கு ஒரு தழும்பா அடுக்கி, அடுக்கி... அம்மா, இப்படி ஒண்ணை என் அப்பாகூடப் பாத்ததில்ல. வாய் கேக்கல.”

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா?

“சிம் எங்கே?” என்றாள் போங்நாம். 

யோன்சுக் திரும்பினாள். தோங்ஜுவைப் பார்த்தாள். தோங்ஜு பாறையை நினைத்தான், பாசியை நினைத்தான். மலைக்காரர்கள் வேரைப் பாசியில் பொதிந்துதான் வைப்பார்கள், காயக்கூடாது, குளிரில் இருக்க வேண்டும். பிறகு தன் நூடுல்ஸை நினைத்தான்.

“அடப்பாவி மனுஷா!” என்று அலறினான். “கிம்ச்சி ஃபிரிட்ஜ்!”

“கிம்ச்சி நெறையத்தான் இருக்கு” என்றார் கியோங்மான் பரிதாபமாக. “திறந்தா நீங்க எட்டிப் பாப்பீங்களேன்னு...”

அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. பிடிபட்டாயிற்று, சொல்லியும் ஆயிற்று, ஆனாலும் தலை தாழ்ந்தே இருந்தது. கிழவர்களும் உட்கார்ந்தேதான் இருந்தார்கள். சில்போக் தோங்ஜுவை முறைத்தார்.

“கூவினவன் நீதானேப்பா? ‘எழுந்திரு’ன்னு சொல்லித் தொலை. இடுப்பு விட்டுப்போச்சு.”

“எழுந்திருங்க, எழுந்திருங்க!”

“பொய்க் கூவல் கூவினதுக்கு மலைத்தேவருக்கு அபராதம் உண்டு. இன்னிக்கு மக்கொல்லி உன் செலவு.”

“நூடுல்ஸும்” என்றாள் யோன்சுக். “பந்தயத்துல தோத்துட்டே.”

---

போலீஸ் வண்டி கியோங்மானை ஏற்றிக்கொண்டு போனபோது கீழ்ச் சரிவில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. பாசிப் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போங்நாம் ஓக் மரத்தடிக்கு ஏறினாள். பிரித்துப் பார்த்தாள். ஒரு மயிரிழைகூட அறுந்திருக்கவில்லை. திருடனாக இருந்தாலும் கை நல்ல கை என்பதை அவள் மனசு ஒப்புக்கொண்டது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

ஹேசோங் தள்ளி நின்றான். கிட்டே வரலாமா கூடாதா என்று தெரியவில்லை அவனுக்கு. போங்நாம் ஓரமாகச் சாத்தி வைத்திருந்த அவனுடைய மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

“இது தோண்டாத குழிக்கு உன்னைத் திட்டினேன். இப்போ தோண்டு. பழைய இடம் வேண்டாம், அது பயந்த இடம். ஒரு முழம் தள்ளி.”

அவன் தோண்டினான். ஆழம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அவள் திட்டாமல் மண்ணைத் திரும்பத் தள்ளி, வேரைச் சாய்வாகக் கிடத்தி, இலைச்சருகை இழுத்து மூடினாள்.

“வசந்தத்துல முளைச்சுடுமா அம்மா?”

“முளைக்காது. இடம் மாத்தினா கோவிச்சுக்கும். மண்ணுக்குள்ளயே தூங்கும். ரெண்டு வருஷமோ, அஞ்சோ. உசுரு இருக்கா இல்லையான்னு தோண்டிப் பாக்கவும் கூடாது.” அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நான் தப்புப் பண்ணிட்டேன்டா. வண்டியிலேர்ந்து பெட்டியை எறக்கு. இது முளைக்கிற வரைக்கும் நீ இங்கேயே இருக்கணும்.”

“முளைக்கலேன்னா?”

“அப்பவும் இருக்கணும்.”

ஹேசோங் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கீழே வண்டியை நோக்கி ஓடினான்.  பெட்டி இறக்கத் தோங்ஜுவும் அவனுக்குப் பின்னாலேயே ஓடினான்.